காலியாக இருந்த பதினோரு கட்டங்கள்

எங்கள் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒருவருக்கு ஓர் அட்டை. மஞ்சள் நிறத்தில், இரண்டாக மடிக்கிற கெட்டி அட்டை. முதல் பக்கத்தில் பெயர், வயது, ஊர், நோய் எந்த இடத்தில் என்று ஒரு படம். உள்ளே வரிசையாகக் கட்டங்கள். அன்றைய சிகிச்சை முடிந்ததும் தேதியும் கொடுத்த அளவும் எழுதி டெக்னீஷியன் கையெழுத்துப் போடவேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் 25 கட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட், அதாவது உடம்புக்குள்ளிருந்தே கொடுக்கும் கதிர், மூன்றோ நான்கோ தடவை.

2011 மார்ச்சில் ஓர் அட்டையில் என் கையெழுத்து பதினான்காம் கட்டத்தோடு நின்றது. மீதி பதினொன்றும் காலி. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். ஆயிரக்கணக்கான அட்டைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஓர் அட்டையின் ஊர்ப் பெயர் எழுதிய இடத்தில் பேனா மை கொஞ்சம் ஊறியிருந்ததுகூட எனக்கு நினைவில் இருக்கிறது.

நான் ரேடியோதெரபி டெக்னீஷியன். 2004-லிருந்து தென்மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கதிர்வீச்சு சிகிச்சை என்ற பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பேச்சு. டாக்டர்களும் கடைசியில் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். அந்தச் சொல்லே பலரை முதல் நாளில் பயமுறுத்திவிடும். கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அக்கா டேபிளில் ஏறிப் படுப்பதற்கு முன்னால் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி என் கையில் கொடுத்தார். மெட்டியைக் கழற்ற முடியவில்லை. வருடக் கணக்காகப் போட்டது, விரலோடு இறுகியிருந்தது. சோப்புத் தண்ணீர் கேட்டார்.

"இரும்பு, பித்தளை எதுவும் ஒடம்புல இருக்கக்கூடாதுல்ல தாயி? ஷாக் அடிச்சிருமே."

"ஷாக்கெல்லாம் அடிக்காதுக்கா. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். அசையாமப் படுத்திருங்க, அது போதும்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து ஸ்விட்சைப் போட்டேன். திரையில் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். உடம்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் கொடுத்து முடித்து உள்ளே போய் "எந்திரிங்கக்கா" என்றதும், "எப்ப வைப்பீங்க?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவர் காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். கமுதி வந்து, அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பஸ். பத்து மணிக்கு முன்னால் வந்து சேர முடியாது. திரும்பி வீட்டுக்குப் போக இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். இத்தனையும் டேபிளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் படுப்பதற்காக. கணவர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த மகன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்துகொண்டிருந்தான்.

பதினான்காம் நாளுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அட்டையின் மேல் சிவப்பு மையில் 'டிஃபால்ட்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டோம். எழுதியது நான்தான். கடன் வாங்கிக் கட்டாதவரைச் சொல்கிற சொல்லை நோயாளிக்கு எழுதுகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. போன் நம்பர் அட்டையிலேயே இருந்தது. நான் போன் செய்யவில்லை. யாரும் செய்யவில்லை. அது யார் வேலை என்று எங்கள் பிரிவில் வகுத்து வைத்திருக்கவில்லை.

மே மாதம் திரும்ப வந்தார். கால் ஒன்று வீங்கியிருந்தது, இரத்தப்போக்கு மறுபடியும் தொடங்கியிருந்தது. பரிசோதித்த டாக்டர் வெளியே வந்து ஒன்றும் பேசாமல் அட்டையை வாங்கிப் பார்த்தார். நோயை முழுக்கக் குணப்படுத்துவதற்கான காலம் கடந்துபோயிருந்தது. வலியையும் இரத்தப்போக்கையும் குறைக்க மட்டும் சில நாள் சிகிச்சை கொடுத்தோம். அந்த நாட்களில் ஒரு மதியம், அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

இடுப்புப் பகுதிக்குக் கதிர் கொடுத்தால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு வரும். குடலின் உள்தோல் பாதிக்கப்படுவதால் பெரும்பாலோருக்கு வருவதுதான். அவர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் பார்த்திருக்கிறார். அப்படியும் ஒருநாள் வழியில் அடக்க முடியாமல் போய்விட்டது. கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் போயிருக்கிறார். சேலை நனைந்திருந்தது. பஸ் நிற்கவில்லை, போய்விட்டது.

"பையன் ரோட்டுல நின்னான் தாயி. எனக்கு அவன் மொகத்தப் பாக்க முடியல. அப்புறம் எப்படி மறுநா பஸ் ஏறுவேன்?"

டாக்டர் கேட்டாரே, சொல்லியிருக்கலாமே என்றேன். வாராவாரம் பார்க்கும் டாக்டர் ஆண். பக்கத்தில் மகன். சுற்றி இன்னும் நாலு பேர். "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவால்ல" என்றுதான் சொல்லியிருக்கிறார். பத்து, இருபது ரூபாய் மாத்திரையும் உப்பு சர்க்கரைக் கரைசலும் அவரைப் பதினைந்தாம் நாள் பஸ்ஸில் ஏற்றியிருக்கும். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் இறந்துபோனார்.

நடுவில் நிற்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்போது உட்காரவைத்துச் சொல்கிறோம். கதிர் பட்டு அடிபட்ட புற்றுசெல்களில் பிழைத்தவை சும்மா இருப்பதில்லை. சில வாரங்களில் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது. பத்து நாள் இடைவெளி விட்டவருக்கு, மற்ற எல்லாம் சரியாகச் செய்தும், அவ்வளவு வாய்ப்பு கைநழுவிப் போகிறது. வாரம் ஒருமுறை கீமோ ஏற்றுவதும் கதிருக்குத் துணையாகத்தான். கதிர் நின்றால் அதற்கும் பயன் குறைந்துவிடும்.

பஸ்ஸைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். இது எனக்குப் புரிய வருடங்கள் ஆனது.

எங்களிடம் அப்போது இருந்தது கோபால்ட் மெஷின். அதன் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். 5.27 வருடத்தில் அதன் வலு பாதியாகும். மாதத்துக்கு ஒரு சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொடுக்கவேண்டிய அளவு மாறாது என்பதால், வலு குறையக் குறைய நோயாளி படுத்திருக்கும் நேரம் கூடும். 2006-ல் புதிதாக ஏற்றியபோது ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆனது, 2011-ல் மூன்று நிமிடத்தை நெருங்கியது. ஒருவருக்குச் சராசரியாக மூன்று பக்கம். ஆளுக்கு நாலரை நிமிடம் கூடுதல் என்றால், ஐம்பது பேருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். முன்பு மாலை நாலரைக்கு முடிகிற வேலை இரவு எட்டரைக்கு முடிந்தது. வரிசையில் முன்னால் டோக்கன் வாங்கியவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள், ஆட்டோவில் ஏழு மணிக்கே வந்துவிடுபவர்கள். பத்து மணிக்கு வந்து சேருகிற கமுதிக்காரருக்கு, சாயல்குடிக்காரருக்குப் பின்வரிசை டோக்கன். அவர்களுக்குத்தான் கடைசி பஸ்ஸும் முக்கியம்.

ஓர் உலோகத் துண்டின் வலு குறைந்ததற்கான விலையைக் கடைக்கோடியில் இருந்த கிராமத்துப் பெண் கொடுத்தார். இதை நாங்கள் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யாரும் யோசிக்காமல் விட்டதால் அப்படி ஆயிற்று.

2013-ல் புதிய சோர்ஸ், அதாவது புதிய கோபால்ட், ஏற்றுவதற்காக மெஷினைச் சில வாரம் நிறுத்தவேண்டி வந்தது. பணம் திரட்டுவது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, பழைய சோர்ஸைப் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் காலம் பிடித்தது. அந்த வாரங்களில் வசதியுள்ளவர்கள் மதுரைக்கோ சென்னைக்கோ போனார்கள். மற்றவர்கள் தினமும் போன் செய்து "மெஷின் ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் 2016-ல் உகாண்டா செய்தியைப் படித்தபோது எனக்கு அது தூரத்து நாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை. கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் இருந்த கோபால்ட் மெஷின்தான் அந்த நாடு முழுவதற்கும் ஒரே கதிர்வீச்சுக் கருவி. 1995-ல் வாங்கியது. அது சரிசெய்ய முடியாதபடி பழுதானது. புதியது வந்து ஓடத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. நடுவில் சிலரை மட்டும் பக்கத்து நாடான கென்யாவின் நைரோபிக்கு அனுப்பி வைத்தார்கள். எங்கள் ஊரில் சில வாரம் நடந்தது அங்கே ஒரு முழு நாட்டுக்கும் நடந்தது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை அட்டைகள் பாதியில் நின்றிருக்கும் என்றுதான் என் மனம் போனது.

உலகக் கணக்கு இப்படி இருக்கிறது. புற்றுநோய் வந்தவர்களில் பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும். ஏழை நாடுகளில் தேவைப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது கிடைப்பதில்லை என்று லான்செட் ஆன்காலஜி இதழ் அமைத்த குழு 2015-ல் சொன்னது. பணக்கார நாடுகளில் ஒன்று இரண்டு லட்சம் பேருக்கு ஒரு மெஷின் இருக்கும்போது, மிக ஏழை நாடுகளில் ஐம்பது லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை 2022 பிப்ரவரியில் 'நம்பிக்கைக் கதிர்கள்' என்ற பொருளில் பெயரிட்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு மெஷின்கூட இல்லை. அதே 2022-ல் உலகத்தில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். தடுப்பூசி போடலாம், முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், கதிர் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்ற ஒரு நோய்க்கு இந்தக் கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டவேண்டும் என்று வைத்திருக்கும் 90-70-90 இலக்கைப் பலர் அறிந்திருப்பீர்கள். 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. முதல் இரண்டைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், நல்லது. மூன்றாவதற்கு மெஷின் வேண்டும், பஸ் வேண்டும், தங்க இடம் வேண்டும். அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

மெஷின் என்றால் எந்த மெஷின் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எங்களிடம் 2019-ல் கோபால்ட் போய் லீனியர் ஆக்சிலரேட்டர் வந்தது. லினாக் என்போம். கதிரியக்கப் பொருள் இல்லாமல் மின்சாரத்திலேயே கதிரை உண்டாக்குவது. நல்ல கருவி. கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கலாம், குடலுக்கும் மூத்திரப்பைக்கும் படுகிற கதிர் குறைகிறது. கமுதி அக்காவுக்கு அது கிடைத்திருந்தால் வயிற்றுப்போக்கே அவ்வளவு இருந்திருக்காது. ஆனால் லினாக் மின்சாரத்தை நம்பி ஓடுவது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் நின்றுவிடும். குளிர்ந்த நீர் சுற்றும் சில்லர் பழுதானால் நின்றுவிடும். கதிரை வடிவமைக்கும் சின்னச்சின்னத் தகடுகளில் ஒன்றின் மோட்டார் மக்கர் செய்தாலும் அன்றைய வேலை நின்றுவிடும். முதல் வருடம் சித்திரை வெயிலில் சில்லர் தாங்காமல் மூன்று நாள் நின்றது. உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தால் இன்னும் மோசம். கோபால்ட் அப்படியில்லை. பழைய ஆள் மாதிரி, மெதுவாக ஆனாலும் தினமும் வேலைக்கு வந்துவிடும்.

அதனால் 'கோபால்ட் காலாவதியானது, ஏழை நாடுகளுக்கும் லினாக்தான் கொடுக்கவேண்டும்' என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் நாட்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்து, பெங்களூர் நிறுவனம் ஒன்று தயாரிக்கும் பாபாட்ரான் என்ற கோபால்ட் மெஷின் இருக்கிறது. வியட்நாமில் கான் தோ நகர மருத்துவமனைக்கு இந்தியா அதை அன்பளிப்பாகக் கொடுத்தது. மின்சாரம் நிலையாக இல்லாத ஊருக்கு அது பெரிய உதவி. கோபால்டிலும் சிக்கல் உண்டு. தீர்ந்த சோர்ஸைப் பத்திரமாக அப்புறப்படுத்தத் தெரிந்த நாடாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அது ஆபத்து. வெயில், தூசி, நிலையில்லாத மின்சாரம் எல்லாவற்றையும் தாங்கும் லினாக்கை வடிவமைப்பது பற்றி 2016-ல் ஜெனீவா பக்கத்தில் சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கூடிப் பேசினார்கள். அப்படி ஒன்று வந்தால் எங்களைப் போன்ற இடங்களுக்குத்தான் முதலில் வரவேண்டும்.

மெஷின் வாங்கப் போகிற மருத்துவமனை நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். விலை பேசும்போதே பத்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பேசுங்கள். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் இஞ்சினியர் வருவார், எந்தெந்த உதிரிப் பாகம் நம் ஊரிலேயே இருப்பில் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். சில்லருக்கு மாற்று ஒன்று வையுங்கள். இரண்டு டெக்னீஷியன், கதிரின் அளவைக் கணக்கிட ஒரு பிசிஸிஸ்ட் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். எங்களிடம் வேலை பழகிய பிள்ளைகள் மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே கொடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால் நானே போகச் சொல்லுவேன். ஆனால் ஒருவர் போனால் ஒரு ஷிஃப்ட் போகிறது. ஒரு ஷிஃப்ட் போனால் இருபது அட்டைகள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன.

உள்ளே வைக்கிற கரண்டுக்கும் இதே கதைதான். அதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் இரிடியம்-192-இன் வலு 74 நாளில் பாதியாகிவிடும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை புதியது வாங்கவேண்டும். கப்பலோ விமானமோ அனுமதியோ தாமதமானால் சிகிச்சை நிற்கும். அதே வேலைக்குக் கோபால்ட் சோர்ஸ் போட்ட கருவிகளும் இருக்கின்றன. அதில் வருடக் கணக்கில் மாற்றவேண்டியதில்லை. ஒதுக்குப்புற ஊர்களுக்கு அதுதான் சரி என்பது என் அனுபவம்.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன்.

முதலில் டோக்கன் முறையை மாற்றினோம். யார் முதலில் வந்தார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யாருக்கு எந்த பஸ் என்று கேட்டு நேரம் ஒதுக்கினோம். கமுதி, சாயல்குடி, முதுகுளத்தூர்க்காரர்களுக்குப் பத்தரையிலிருந்து பன்னிரண்டரைக்குள். உள்ளூர்க்காரர்களுக்கு அதிகாலையும் சாயங்காலமும். முதல் வாரம் உள்ளூர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு பெரியவரை அழைத்து, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று அவரையே கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்தவர் அதற்கப்புறம் சாயங்காலம்தான் வந்தார். இந்த மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது போன். ஒருவர் ஒருநாள் வரவில்லை என்றால் அன்றைக்கே பதினொன்றரை மணிக்குள் போன் போகவேண்டும். பெண் நோயாளிக்குப் பெண் ஊழியர்தான் பேசவேண்டும். 'ஏன் வரவில்லை?' என்று கேட்கக்கூடாது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பள்ளிக்கூட வாத்தியார் கேள்வி. 'வயிறு எப்படி இருக்கு, ராத்திரி தூங்குனீங்களா, பஸ் கிடைச்சுதா?' என்று கேட்டால் காரணம் தானாக வரும். 'டிஃபால்ட்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை வரவழைத்து ஈடுகட்டுகிறோம்.

வயிற்றுப்போக்குக்கு மாத்திரையையும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறோம். வந்தபிறகு கேளுங்கள் என்று சொல்வதில்லை. முதல் வார முடிவில் பெண்களை மட்டும் தனியாக உட்காரவைத்து ஒரு சிஸ்டர் பேசுவார். மோர் சாதம், இட்லி, வாழைப்பழம் சாப்பிடுங்கள். கீரை, பயறு, காரம், பால் கொஞ்ச நாள் வேண்டாம். மாற்றுச் சேலையும் பழந்துணியும் பையில் இருக்கட்டும், இது எல்லாருக்கும் வருவதுதான் என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பெஞ்சில் இருப்பவர்களின் தோள்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எட்டுப் பெண்கள் தங்கலாம். ஐந்து நாள் இங்கே, சனி ஞாயிறு வீட்டில். சமைக்க அடுப்பு இருக்கிறது. ஊரிலிருந்து அரிசி கொண்டுவந்து சேர்ந்து பொங்குகிறார்கள். முடித்தவர் புதிதாக வருபவருக்குச் சொல்லித்தருகிறார், நாங்கள் சொல்வதைவிட அது நன்றாக எடுபடுகிறது. வாடகையை உள்ளூர் வியாபாரிகள் சிலர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு மெஷின் விலையில் இப்படிப்பட்ட வீடுகளை எத்தனை வருடம் நடத்தலாம் என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நாட்களைக் குறைப்பது இன்னொரு வழி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாள். பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு 15, 16 நாளே போதும் என்று ஆயிற்று. 2020-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, தகுந்தவர்களுக்கு ஐந்து நாளிலேயே முடிக்கலாம் என்று காட்டியது. எலும்புக்குப் புற்று பரவி வரும் வலிக்குப் பலருக்கு ஒரே ஒரு தடவை போதும். அந்த வருடம்தான் கொரோனா. பஸ் ஓடவில்லை, இ-பாஸ் வாங்கி, பால் வண்டியிலும் டூவீலரிலும் வந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் எங்கள் டாக்டர்கள் குறைந்த நாள் முறைக்கு முழுதாக மாறினார்கள். மார்பகத்துக்கு ஆளுக்குப் பத்து நாள் மிச்சம். அந்த நாட்களில் அதே மெஷினில் வேறொருவர் படுக்கலாம். புது மெஷின் வாங்காமலே வரிசை குறைந்தது. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது, கர்ப்பப்பை வாய்க்கு இன்னும் 25-தான் எங்களிடம். ஆனாலும் உங்கள் டாக்டரிடம் "இதைக் குறைந்த நாளில் முடிக்க வழி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

குடும்பங்களுக்கு இன்னும் சில. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால், நோய் உறுதியான அன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுங்கள். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருந்து, அதைத் திருத்தவே இரண்டு வாரம் போனதைப் பார்த்திருக்கிறேன். ரயிலில் வருபவர்கள் மருத்துவமனையில் சலுகைப் படிவம் கேளுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. பலருக்கு இது கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், ஊர் விட்டு ஊர் வரும் பஸ்ஸில் இல்லை. அந்தச் செலவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட உடம்பில் நாங்கள் போட்ட மார்க் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் குளிக்காமலே இருக்கவேண்டாம். கதிர் படுகிற இடத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர் வேண்டாம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரச் சொன்னால், பஸ்ஸிலிருந்தே அடக்கவேண்டாம். இங்கே வந்து அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் போதும், நாங்கள் காத்திருப்போம்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு நிலைமை பல இடங்களைவிட மேல். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. ஆசியாவின் முதல் கருவிகளில் அது ஒன்று. இப்போது சென்னைக்கு வெளியே அரசு மருத்துவமனைகளிலும் லினாக் ஓடுகிறது. பத்து லட்சம் பேருக்கு ஒரு மெஷினாவது வேண்டும் என்ற கணக்கை இந்தியா முழுவதற்கும் போட்டால் 1,400 வேண்டும். இருப்பது அதைவிட வெகு குறைவு, இருப்பதும் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறது. அஸ்ஸாமில் மாநில அரசும் டாட்டா அறக்கட்டளைகளும் சேர்ந்து ஒரே பெரிய மருத்துவமனை கட்டாமல், மாவட்டங்களில் பரப்பிக் கட்டிவருகிறார்கள். 2022 ஏப்ரலில் ஏழு மருத்துவமனைகள் திறந்தன. கீமோவை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எளிது, ஒரு நாற்காலியும் ஒரு நர்ஸும் போதும். கதிருக்கு ஓராள் உயரத்துக்கு நெருங்கிய கனத்தில் கான்கிரீட் சுவர் வேண்டும். அதனால்தான் அது கடைசியாக வருகிறது, அதனால்தான் அதை முன்கூட்டியே திட்டமிடவேண்டும்.

கமுதி அக்காவின் மகன் இரண்டு வருடம் முன்னால் ஒருநாள் வந்தான். திருப்பூரிலேயே குடும்பமாகிவிட்டானாம். மாமியாருக்கு மார்பில் கட்டி, எங்கே காட்டுவது என்று கேட்க வந்திருந்தான். அம்மா ஏன் நின்றார் என்பது அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. மாமியாருக்குப் பதினைந்து நாள். ஒருநாள்கூட விடாமல் அவனே கூட்டிவந்தான்.

இன்றைக்குக் காலை பதினொன்றே கால் வரை சாயல்குடி பெரியம்மா வரவில்லை. அவருக்கு இது பத்தொன்பதாம் கட்டம். போன் அடித்தோம். மருமகள் எடுத்தாள்.

"பஸ் டயர் பஞ்சர் சிஸ்டர். வேற பஸ் ஏறிட்டோம், அருப்புக்கோட்டை தாண்டிட்டோம். ஒரு மணிக்கு வந்துருவோம். மெஷின நிறுத்திற மாட்டீங்கல்ல?"

"நிறுத்த மாட்டோம்மா, வாங்க. அத்தைக்கு வயிறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க. இட்லி சாப்ட்டாங்க."

ஒன்று பத்துக்கு வந்தார்கள். பெரியம்மா தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு அட்டையை எடுத்துத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.